கிறிஸ்மஸ் சீசன்ல வீடில்லாதவங்களுக்கும் ஏழைகளுக்கும் உதவுறது எப்படி? முழுமையான வழிகாட்டி

எங்க யூத் குரூப் முதல் தடவை கிறிஸ்மஸுக்கு தெருவுல சாப்பாடு கொடுக்கப் போனப்ப நடந்ததை முதல்ல சொல்லிடுறேன், ஏன்னா இந்த வழிகாட்டி முழுக்க அங்க இருந்துதான் வருது. 24ஆம் தேதி ராத்திரி ஆராதனை முடிஞ்சதும் நூறு பொட்டலம் எடுத்துக்கிட்டு வேன்ல கிளம்பினோம். பூட்டியிருந்த ஒரு கடை வாசல்ல ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தாரு, அவர் பக்கத்துல ஏற்கனவே மூணு பொட்டலம் இருந்துச்சு, எங்களுக்கு முன்னாடியே வேற சபைக்காரங்க வந்துட்டு போயிருக்காங்க, நாங்க நாலாவதை நீட்டினோம். அவர் வாங்கிக்கிட்டு "செருப்பு இருக்காப்பா? அறுந்து ரெண்டு வாரம் ஆச்சு"ன்னு கேட்டாரு. எங்ககிட்ட நூறு பொட்டலம் இருந்துச்சு, ஒரு ஜோடி செருப்பு இல்ல. அன்னைக்கு கொண்டு போனதுல பாதி கெட்டுப்போய் குப்பைக்கு போச்சு, அவர் வெறுங்காலோடதான் இருந்தாரு.

இந்தத் தப்பு ரொம்பப் பழசு. 1617ல பிரான்ஸ்ல ஷாட்டில்யோன்னு ஒரு சின்ன ஊர்ல வின்சென்ட் தே பவுல்ங்கிற குருவானவர், ஒரு வீட்டுல எல்லாருமே நோய்ல படுத்துக் கெடக்குறாங்க உதவுங்கன்னு பிரசங்கத்துல சொன்னாரு. அன்னைக்கே ஊர் ஜனம் கையில கெடைச்சதை எல்லாம் தூக்கிக்கிட்டு அந்த வீட்டைப் பார்த்து கிளம்பிடுச்சு. வின்சென்ட் அதைப் பார்த்துட்டு, இன்னைக்கு இவ்வளவும் குவிஞ்சா பாதி வீணாப்போகும், நாலு நாள் கழிச்சு இதே குடும்பம் மறுபடி பட்டினி கெடக்கும்னு புரிஞ்சுக்கிட்டு, ஊர்ப் பெண்களை கூட்டி யார் என்னைக்குப் போறதுன்னு முறை வச்சாரு. அவரோட பேர்ல இன்னைக்கும் நடக்குற சேவைக்கு எல்லாம் வேர் அந்த முறை வச்ச லிஸ்ட்தான்னு நான் நினைக்கிறேன். நம்ம கிறிஸ்மஸுக்கு வேண்டியதும் அதுதான், ஆசை நம்மகிட்ட நிறையவே இருக்கு, முறைதான் இல்ல.

ஸ்டெப் 1: ஏழைங்கிற வார்த்தைக்கு மனசுல இருக்குற படத்தை மாத்துங்க

இதை ஸ்கிப் பண்ணிட்டு நேரா லிஸ்ட்டுக்கு போகாதீங்க ப்ளீஸ்.

கிறிஸ்மஸ் கதையை ஒரு தடவை பைபிள்ல லூக்கா சுவிசேஷத்துல மெதுவா வாசிச்சுப் பாருங்க. சத்திரத்துல இடமில்லைன்னு முன்னணையில, அதாவது மாட்டுக்குத் தீனி வைக்கிற தொட்டியில, பிள்ளையை படுக்க வச்சது எல்லாருக்கும் தெரியும் (லூக்கா 2:7), அதே அதிகாரத்துல 24ஆம் வசனம் நிறைய பேர் கண்ணுல படுறதே இல்ல. பிள்ளையை ஆலயத்துக்கு கொண்டு போறப்ப மரியாளும் யோசேப்பும் ஒரு ஜோடு காட்டுப்புறாவையாவது ரெண்டு புறாக்குஞ்சையாவது பலியா கொடுக்கணும்ங்கிறதை அங்க சொல்லியிருக்கு. லேவியராகமம் 12:8ஐ எடுத்துப் பாருங்க, ஆட்டுக்குட்டி கொடுக்க வசதி இல்லாதவங்க கொடுக்குற பலி அது. அப்புறம் மத்தேயு 2ல ராத்திரியோட ராத்திரியா எகிப்துக்கு ஓடுறாங்க. அதாவது நம்ம குடில்ல அழகா வச்சிருக்குற அந்தக் குடும்பம் ஏழைக் குடும்பம், கொஞ்ச நாள் அகதிக் குடும்பம். மத்தேயு 25ல, பசியா இருந்தவங்களுக்கும் துணி இல்லாதவங்களுக்கும் செஞ்சதை "எனக்கே செய்தீர்கள்"ன்னு ஆண்டவர் சொல்லுறது ஏதோ உவமைக்காக சும்மா சொன்னதா எனக்குத் தோணல, அவர் பிறந்த விதமே அப்படித்தான்.

இன்னொண்ணு, லூக்கா 16ல ஐசுவரியவான் கதை. வாசல்ல கெடந்த ஏழைக்கு லாசருன்னு பேர் இருக்கு. விலை கூடின துணி உடுத்தி சாப்பிட்டவனுக்கு பேரே சொல்லல. நம்ம தெருவுல அப்படியே தலைகீழா இருக்கு, தினமும் தாண்டிப் போற ஆளோட பேர் நமக்குத் தெரியாது.

இங்க ஒரு பழமொழியை பத்தியும் சொல்லணும். "பாத்திரம் அறிந்து பிச்சையிடு"ன்னு சொல்லிட்டு, இவன் குடிப்பான், அவன் சோம்பேறி, அவளுக்கு எங்கயோ வீடு இருக்கும்னு ஒவ்வொருத்தரையா கழிச்சுக்கட்டுறதைப் பார்த்திருக்கேன். பாத்திரம் அறியுறதுன்னா அந்த ஆளுக்கு என்ன தேவைன்னு அறியுறதுன்னு எடுத்துக்கோங்களேன். பல் இல்லாதவருக்கு கடிக்கிற மாதிரி எதையும் கொடுக்காம இருக்குறது, செருப்பு கேட்டவருக்கு செருப்பு கொடுக்குறது, அதுவும் பாத்திரம் அறியுறதுதான்.

ஸ்டெப் 2: நவம்பர்லயே போய் பாருங்க, வெறுங்கையோட

பொட்டலம் எதுவும் வேண்டாம், ரெண்டு மூணு பேர் மட்டும் உங்க ஏரியாவுல சாயங்காலம் ஒரு தடவை, ராத்திரி பத்து மணிக்கு மேல ஒரு தடவை நடந்து பாருங்க. பகல்ல இருக்குறவங்க வேற, ராத்திரி அங்க தூங்குறவங்க வேற. யார் எங்க இருக்காங்க, குடும்பமா தனியா, குழந்தை இருக்கா, நடக்க முடியாதவங்க இருக்காங்களா, தண்ணி எங்க கிடைக்குது, கழிப்பறை எங்க இருக்கு, இதெல்லாம் ஒரு நோட்டுல எழுதிக்கோங்க, போட்டோ எடுக்காதீங்க.

வீடில்லாதவங்கன்னா நடைபாதையில இருக்குறவங்க மட்டும்னு நினைச்சுடாதீங்க. ஸ்டேஷன்ல, ஆஸ்பத்திரி வராண்டாவுல, வண்டிக்குள்ள, கட்டி முடிக்காத கட்டடத்துல, தெரிஞ்சவங்க வீட்டு ஹால்ல இன்னைக்கு ஒரு வீடு நாளைக்கு ஒரு வீடுன்னு தங்குறவங்க எல்லாம் இதுல வருவாங்க. கடைசியா சொன்னவங்கதான் கண்ணுலயே படாதவங்க, அதுவும் சின்னப் பிள்ளைகளோட இருக்குற பெண்கள் பாதுகாப்புக்காக ஒளிஞ்சே இருப்பாங்க.

அதே வாரத்துல ஏற்கனவே இந்த வேலையைச் செய்யுற ஆட்களை பாருங்க. காப்பகம் நடத்துறவங்க, தினமும் சாப்பாடு போடுறவங்க, பக்கத்து சபைகள், கிறிஸ்தவங்க இல்லாத குழுக்களும்தான். அவங்ககிட்ட கேட்க வேண்டியது ரெண்டே கேள்வி: "எந்த நாள்ல யாருமே வர்றதில்ல?", "உங்களுக்கு எப்பவும் பத்தாம போற பொருள் எது?" நாங்க இதைக் கேட்ட அன்னைக்குதான் 24, 25 ரெண்டு நாளும் ஆளுங்க அடிச்சுப் புடிச்சுக்கிட்டு வர்றாங்க, 27ல இருந்து ஜனவரி கடைசி வரைக்கும் ஒருத்தரும் இல்லன்னு தெரிஞ்சுச்சு. உங்க ஏரியாவுல வேற மாதிரி இருக்கலாம், கேட்டாத்தான் தெரியும். சபைகள் எல்லாம் சேர்ந்து தேதியைப் பிரிச்சு எடுத்துக்கிட்டா அதைவிட பெரிய கிறிஸ்மஸ் கிஃப்ட் கிடையாது, ஒரு வாட்ஸ்ஆப் குரூப் போதும், ஒரு போன் கால் போதும், இதுல எந்த சபை பெருசுன்னு பார்த்துக்கிட்டு இருந்தா ஒண்ணும் நடக்காது.

ஸ்டெப் 3: கேளுங்க

எனக்கு இந்த வழிகாட்டியில ஒரே ஒரு ஸ்டெப்தான் எழுத இடம் இருக்குன்னா இதைத்தான் எழுதுவேன்.

எரிகோ பக்கத்துல பர்திமேயு வழியில உட்கார்ந்து பிச்சை எடுத்துக்கிட்டு இருக்காரு, கண் தெரியாது. கூட்டத்துல அவர் கத்துறப்ப நிறைய பேர் சும்மா இருன்னு அதட்டுறாங்க. இயேசு நின்னு அவரை கூப்பிட்டு, நான் உனக்கு என்ன செய்யணும்னு கேட்குறாரு (மாற்கு 10:51). கண் தெரியாத ஒருத்தருக்கு என்ன வேணும்னு ஆண்டவருக்குத் தெரியாதா? தெரிஞ்சும் கேட்டாரே. அந்த மனுஷனோட வாயால அவரோட தேவையைச் சொல்ல விட்டாரு. நாம கேட்காமயே முடிவு பண்ணி பொட்டலம் கட்டுறோம்.

எப்படி பேசுறதுன்னு கூச்சமா இருக்கும், அது எல்லாருக்கும் இருக்கும். நின்னுக்கிட்டே குனிஞ்சு பேசாதீங்க, அவங்க உட்கார்ந்திருந்தா நீங்களும் கொஞ்சம் தள்ளி உட்காருங்க. வணக்கம் சொல்லுங்க, உங்க பேரை முதல்ல சொல்லுங்க, அப்புறம் "உங்க பேர் என்னங்கய்யா", "அம்மா உங்களை எப்படி கூப்பிடுறது"ன்னு கேளுங்க. வயசுல பெரியவங்களை வா போன்னு பேசுறது நிறைய நல்ல மனசுக்காரங்ககிட்டயே இருக்கு, தெருவுல இருந்தா மரியாதை குறைஞ்சுடுமா என்ன? அண்ணா, அக்கா, ஐயா, அம்மான்னே கூப்பிடுங்க. "ஏன் இப்படி ஆனீங்க, பிள்ளைங்க எங்க, ஏன் வேலைக்கு போகல"ன்னு முதல் நாளே விசாரணை வேண்டாம். பேச விரும்பலன்னா "சரிங்க, அடுத்த வாரம் வர்றேன்"னு சொல்லிட்டு வந்துடுங்க, ஆனா சொன்னா போகணும், போகாம விடுறதுக்கு சொல்லாமயே இருக்கலாம், ஏன்னா அவங்க வாழ்க்கையில வர்றேன்னு சொல்லிட்டு வராம போனவங்க ஏற்கனவே நிறைய பேர்.

"என்ன வேணும்"னு மொட்டையா கேட்டா பாதி பேர் "ஒண்ணும் வேண்டாம்பா"ம்பாங்க, இல்ல "எதா இருந்தாலும் சரி"ம்பாங்க. அதனால கொஞ்சம் குறிப்பா கேளுங்க: "ராத்திரி எது கஷ்டமா இருக்கு?", "செருப்பு என்ன சைஸ்?", "சக்கரை, பிரஷர் இருக்கா, மாத்திரை எங்க வாங்குறீங்க?", "எதாச்சும் சாப்பிடக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காங்களா?" இப்படிக் கேட்டா வர்ற பதில்கள் நீங்க எதிர்பார்க்காததா இருக்கும். வாசிக்க கண்ணாடி கேட்டாங்க, நகவெட்டி கேட்டாங்க, ஒரு அக்கா பூட்டு கேட்டாங்க, பையை பூட்டி வச்சுட்டு நிம்மதியா தூங்கணும்னு. அந்த செருப்புக்கார பெரியவரை ஒரு வாரம் கழிச்சு தேடிப் போய் கொடுத்தோம், ஒரு சைஸ் சின்னதா போயிடுச்சு, மறுபடி மாத்திக் கொண்டு போனோம், அந்த மூணாவது சந்திப்புலதான் அவர் தன்னோட பேரையே சொன்னாரு.

ஸ்டெப் 4: பணத்துக்கு ஒரு ஏற்பாடு

கடைசி வாரத்துல காணிக்கை எடுத்து அவசரமா செலவு பண்ணுறதை விட்டுடுங்க. அப்போஸ்தலன் பவுல் கொரிந்து சபைக்கு சொன்ன முறை ரொம்ப சிம்பிள், வாரத்தோட முதல் நாள்ல ஒவ்வொருத்தரும் தன் வரவுக்குத் தக்க எடுத்து வைக்கணும், அவர் வந்த அப்புறம் வசூல் பண்ணிக்கிட்டு இருக்கக் கூடாது (1 கொரிந்தியர் 16:2). கிறிஸ்மஸுக்கு முன்னாடி வர்ற அட்வென்ட் காலத்துல நாலு ஞாயிறு இருக்கு, வீட்டுல ஒரு டப்பா வச்சு நாலு வாரமும் போடச் சொல்லுங்க, பிள்ளைங்களும் போடட்டும்.

வந்த பணத்துல பாதியைத்தான் டிசம்பர்ல தொடணும்னு நாங்க ஒரு கட்டுப்பாடு வச்சிருக்கோம், மீதி ஜனவரியில இருந்து மார்ச் வரைக்கும். கணக்கை ரெண்டு பேர் எழுதணும், ஒருத்தர் கையில மட்டும் இருக்கக் கூடாது, அவர் எவ்வளவு நல்லவரா இருந்தாலும். இதுவும் பவுல்கிட்ட இருந்து வந்ததுதான், எருசலேம் ஏழைகளுக்கு போற பணத்தை தனியா தூக்கிட்டுப் போகாம சபைகள் தேர்ந்தெடுத்த சகோதரங்களை கூட அனுப்புனாரு, யாரும் குறை சொல்ல இடம் இருக்கக் கூடாதுன்னு (2 கொரிந்தியர் 8:19-21).

பழைய துணி சேகரிக்கிறீங்கன்னா ஒரு விதி போதும்: உங்க சொந்த அண்ணனுக்கோ தங்கச்சிக்கோ இதைக் கொடுப்பீங்களா? பட்டன் போனது, கிழிஞ்சது, துவைக்காதது வேண்டாம். யோவான் ஸ்நானகன் ரெண்டு அங்கி இருக்குறவன் இல்லாதவனுக்கு ஒண்ணு கொடுக்கட்டும்னுதான் சொன்னாரு (லூக்கா 3:11), ரெண்டுல மோசமானதைக் கொடுக்கச் சொல்லல.

ஸ்டெப் 5: பையில என்ன வைக்கிறது

கேட்டு வாங்கினதுதான் முதல்ல. அதுக்கு மேல பொதுவா எல்லா இடத்துலயும் பயன்படுற பொருட்கள்னு சிலது இருக்கு. புது சாக்ஸ், புது உள்ளாடை, இது ரெண்டும் யாரும் தானமா கொடுக்க மாட்டாங்க, ஆனா ரொம்ப தேவை, ஈரமான காலோட நாள் கணக்கா இருந்தா தோல் அழுகிப்போகும். பெண்களுக்கு நாப்கின், அதை வெளிய தெரியாத பையில போட்டு பெண்கள் கையால கொடுங்க. சோப்பு, பல் பிரஷ், பேஸ்ட், சீப்பு, டவல். தண்ணி புகாத ஒரு நல்ல பை, ஏன்னா மழை பெஞ்சா அவங்க சொத்து முழுக்க நனையும், அதுல அடையாள அட்டையும் பழைய போட்டோவும் இருக்கும். டார்ச், போனுக்கு சார்ஜ் போட பவர் பேங்க்.

குளிர் இருக்குற இடம்னா போர்வை கொடுக்குறப்ப கீழ விரிக்கவும் எதாச்சும் சேர்த்துக் கொடுங்க. உடம்போட சூடு தரை வழியாத்தான் நிறைய போகும், மேல எவ்வளவு தடியா போர்த்தினாலும் கீழ வெறும் சிமெண்ட்னா குளிர் விடாது. ஃபோம் பாய் நல்லது, கனமான அட்டைப் பெட்டியை விரிச்சு வச்சாகூட உதவும். ரொம்ப பெரிய போர்வை வேண்டாம், பகல்ல தூக்கிட்டு நடக்கணும்ல.

மாத்திரை மட்டும் கொடுக்காதீங்க, தலைவலி மாத்திரையா இருந்தாலும். அவங்க வேற என்ன மருந்து எடுக்குறாங்கன்னு உங்களுக்குத் தெரியாது. கையை சுத்தம் பண்ணுற ஜெல், மவுத்வாஷ் வாங்குறப்ப ஆல்கஹால் இல்லாததா பார்த்து வாங்குங்க, குடியை விட கஷ்டப்படுற ஒருத்தருக்கு அது சோதனையா ஆயிடும்.

ஸ்டெப் 6: சாப்பாடு

சமைச்சது ரெண்டு மணி நேரத்துக்கு மேல வெளிய சும்மா இருக்கக் கூடாது, வெயில் காலம்னா (32 டிகிரிக்கு மேல) ஒரு மணி நேரம்தான். சூடாவே கொண்டு போறீங்கன்னா 60 டிகிரி செல்சியஸுக்கு குறையாம மூடின பாத்திரத்துல வச்சு அங்க போய் பரிமாறுங்க, சாயங்காலம் பொட்டலம் கட்டி நடுராத்திரி கொடுக்குறது ரொம்ப தப்பு, நாங்க செஞ்சது அதுதான். தெருவுல இருக்குறவங்களுக்கு வயிறு கெட்டா கழிப்பறைகூட பக்கத்துல இருக்காது, யோசிச்சுப் பாருங்க.

பல் இல்லாதவங்களுக்கு மெதுவானது, சக்கரை இருக்குறவங்களுக்கு இனிப்பு குறைச்சது, இறைச்சி சாப்பிடாதவங்களுக்கு தனியா. கிறிஸ்மஸ்னாலே எல்லாரும் இனிப்பைத்தான் தூக்கிட்டு வருவாங்க, பழமும் தண்ணியும் கொண்டு போனா உங்களைத் தேடுவாங்க. ரொம்ப நாள் எதுவுமே சாப்பிடாம எலும்பும் தோலுமா இருக்குற ஒருத்தரைப் பார்த்தா வயிறு முட்ட ஊட்டிடாதீங்க, நீண்ட பட்டினிக்கு அப்புறம் திடீர்னு நிறைய சாப்பிடுறது உயிருக்கே ஆபத்தாகலாம், அவங்களை டாக்டர்கிட்ட காட்டுங்க.

காசு கொடுக்கலாமான்னு கேட்பீங்க. கொடுக்கலாம். பழகின ஆளுக்கு அவருக்கு வேண்டியதை அவரே வாங்கிக்க கொடுக்குறது அவரை பெரிய மனுஷனா மதிக்கிறது. முதல் தடவை பார்க்குறவருக்கு கொடுக்குறதா வேண்டாமாங்கிறது உங்க மனசாட்சி, கொடுத்துட்டா அப்புறம் எதுக்கு செலவு பண்ணாருன்னு பின்னாடி போய் பார்க்காதீங்க.

ஸ்டெப் 7: கொடுக்கப் போற நாள்

நாலு பேருக்கு மேல ஒரு இடத்துக்கு போகாதீங்க, அதுல கண்டிப்பா பெண்கள் இருக்கணும். இருபது பேர் கேரல் தொப்பியோட வேன்ல இருந்து இறங்கினா தூங்கிட்டு இருக்குறவங்க பயந்துடுவாங்க. தூங்குறவங்களைத் தொட்டு எழுப்பாதீங்க, ராத்திரியில யாராச்சும் தொட்டா அடின்னும் திருட்டுன்னும்தான் அவங்க அனுபவம், தலைமாட்டுக்கு கொஞ்சம் தள்ளி வச்சுட்டு வந்துடுங்க, இல்லன்னா நேரத்தோடயே போங்க.

வரிசையில நிக்க வைக்கிறதை முடிஞ்ச வரைக்கும் தவிர்த்துடுங்க. வரிசைன்னாலே பலமுள்ளவன் முன்னாடி, நடக்க முடியாதவங்க கடைசி. ஸ்டெப் 2ல எழுதின நோட்டை வச்சுக்கிட்டு ஒவ்வொருத்தர் இருக்குற இடத்துக்கு நீங்க போங்க, முதல்ல வயசானவங்க, குழந்தை வச்சிருக்குறவங்க, முடியாதவங்க. ஆதி சபையிலயே இந்தப் பிரச்சனை வந்துச்சு, தினப் பந்தியில தங்களோட விதவைகளை கவனிக்கலன்னு கிரேக்க மொழி பேசினவங்க முறையிட்டாங்க, அப்போஸ்தலர்கள் அதை முறுமுறுப்புன்னு ஒதுக்காம, அந்த வேலைக்குன்னே நல்ல சாட்சி பெற்ற 7 பேரை நியமிச்சாங்க (அப்போஸ்தலர் 6). அதனால யாராச்சும் "எனக்கு கெடைக்கல"ன்னு சண்டை போட்டா கோபப்படாதீங்க, நம்ம ஏற்பாட்டுல எங்க ஓட்டைன்னு பாருங்க.

உடம்பு முடியாதவங்களையும் கவனிங்க. கடுங்குளிர்ல ஒருத்தர் நடுங்கிட்டு இருந்து திடீர்னு நடுக்கம் நின்னு, பேச்சு குளறி, குழப்பமா தூக்கமா இருந்தா குடிச்சிருக்காருன்னு நினைச்சு தாண்டிப் போகாதீங்க, உடம்போட வெப்பம் ஆபத்தான அளவுக்கு இறங்குறதுக்கு அடையாளம் அது. உடனே ஆம்புலன்ஸை கூப்பிடுங்க, ஈரத் துணியை மாத்தி போர்த்துங்க, கை காலை தேய்க்காதீங்க, சூடு வரட்டும்னு மது கொடுக்கவே கூடாது, அது உடம்புச் சூட்டை இன்னும் வெளிய விடும்.

போட்டோ பத்தி

வேண்டாம்.

கணக்கு காட்ட போட்டோ வேணும்னு சொல்லுவாங்க, பொருட்களை எடுங்க, பைகளை எடுங்க, வேலை செய்யுற உங்க கைகளை எடுங்க. வாங்குறவங்க முகம் வேண்டாம். வலது கை செய்யுறது இடது கைக்கு தெரியக்கூடாதுன்னு ஆண்டவர் சொன்னது (மத்தேயு 6:3) இந்த போன் காலத்துக்குன்னே சொன்ன மாதிரி இருக்கு. பசியில கை நீட்டுறவங்ககிட்ட "போட்டோ எடுக்கலாமா"ன்னு கேட்டா அவங்களால வேண்டாம்னு சொல்ல முடியாது, அதனால அது சம்மதமே கிடையாது. நாளைக்கு அந்தப் படத்தை அவங்க மகள் பார்ப்பா. வீட்டுக்குள்ள அடிதாங்காம ஒளிஞ்சு ஓடி வந்தவங்களா இருந்தா எங்க இருக்காங்கன்னு காட்டிக்கொடுத்ததா ஆயிடும்.

சுவிசேஷம் சொல்லலாமா?

நிறைய பேருக்கு இதுல கருத்து வேறுபாடு இருக்கும், நான் நம்புறதை சொல்லுறேன். சாப்பாட்டுக்கு விலையா பிரசங்கத்தை வைக்காதீங்க. ஜெபம் பண்ணி முடிச்சாத்தான் பொட்டலம், பாட்டு பாடினாத்தான் போர்வைன்னா அது வியாபாரம். கேட்டா சொல்லுங்க, "உங்களுக்காக ஜெபிக்கட்டுமா"ன்னு கொடுத்த அப்புறம் கேளுங்க, வேண்டாம்னா சிரிச்ச முகத்தோட சரின்னு சொல்லுங்க. யார் எந்த மதம்னு பார்த்து கொடுக்காதீங்க. 4ஆம் நூற்றாண்டுல ரோமப் பேரரசன் ஜூலியன் கிறிஸ்தவத்தை ஒழிச்சு பழைய தெய்வ வழிபாட்டை மறுபடி கொண்டு வரப் பார்த்தவர், அவரே ஒரு கடிதத்துல, இந்தக் கிறிஸ்தவங்க தங்களோட ஏழைகளை மட்டும் இல்லாம நம்ம ஏழைகளையும் சேர்த்து பார்த்துக்குறாங்களேன்னு வருத்தப்பட்டு எழுதியிருக்காரு. அவர் நம்மளைப் பத்தி அப்படி எழுதினது எனக்கு எந்த துண்டுப்பிரதியைவிடவும் பெருசா தெரியுது.

ஸ்டெப் 8: மேசைக்கு கூப்பிடுங்க

இது கொஞ்சம் கஷ்டமான ஸ்டெப், ஆனா செஞ்சவங்க மறக்கவே மாட்டாங்க. விருந்து வச்சா சொந்தக்காரங்களையும் பணக்கார அக்கம்பக்கத்தையும் கூப்பிடாம ஏழைகளை, ஊனமானவங்களை, கண் தெரியாதவங்களை கூப்பிடுன்னு இயேசு சொல்லியிருக்காரு (லூக்கா 14:12-14). சபை ஹால்ல ஒரு நேரம் சாப்பாடு போடுங்க, ஆனா பரிமாறிட்டு ஓரமா நிக்காம கூடவே உட்கார்ந்து அதே சாப்பாட்டை சாப்பிடுங்க, ரெண்டு விருந்தாளிக்கு நடுவுல ஒரு சபைக்காரர். பாத்திரமும் டம்ளரும் எல்லாருக்கும் ஒரே மாதிரி. வந்தவங்க உதவி பண்ண விரும்பினா விடுங்க, காய் நறுக்குறதும் பாத்திரம் கழுவுறதும் பாட்டு பாடுறதும் அவங்களுக்கும் உரிமைதான், வாங்கிக்கிட்டே இருக்குறது மனுஷனை களைப்பாக்கிடும். குளிக்க வசதியும் முடி வெட்ட ஒருத்தரும் ஏற்பாடு பண்ண முடிஞ்சா சாப்பாட்டுக்கு முன்னாடியே பண்ணுங்க. நாய் வளர்க்குறவங்க அதை விட்டுட்டு வர மாட்டாங்க, நாய்க்கும் ஒரு இடம் யோசிச்சு வைங்க.

சபைக்குள்ள இருக்குறவங்க

இவங்களை மறந்துடாதீங்க. வேலை போனது, வாடகை பாக்கி, ஆஸ்பத்திரி கடன்னு உள்ளுக்குள்ள நொந்துக்கிட்டு நல்ல துணி போட்டுக்கிட்டு மூணாவது பெஞ்சுல உட்கார்ந்திருப்பாங்க. இவங்களை மேடைக்கு கூப்பிட்டு பரிசு கொடுத்து கை தட்டுனா அது தண்டனை. மீரா ஊர் பிஷப் நிக்கோலாஸ் பத்தி வழிவழியா சொல்லுற கதை தெரியும்ல, நொடிஞ்சு போன ஒரு அப்பா தன் 3 பெண் பிள்ளைகளை என்ன பண்ணுறதுன்னு தெரியாம தவிச்சப்ப, ராத்திரி யாருக்கும் தெரியாம பொன் முடிப்பை அவங்க வீட்டுக்குள்ள போட்டுட்டு போனாராம். கிறிஸ்மஸ் தாத்தா வந்ததே அவர்கிட்ட இருந்துதான். பாஸ்டரோ ஃபாதரோ ஒருத்தருக்கு மட்டும் தெரிஞ்சு, மளிகையோ ஸ்கூல் ஃபீஸோ வாடகையோ நேரா போய்ச் சேருற மாதிரி பண்ணுங்க. குழந்தைகளுக்கு பொம்மையோ துணியோ வாங்குறீங்கன்னா அதை அப்பா அம்மா கையில கொடுத்துடுங்க, அவங்களே பிள்ளைங்களுக்கு கொடுக்கட்டும்.

ஸ்டெப் 9: 26ல இருந்து

இங்கதான் வின்சென்ட்டோட லிஸ்ட் வேணும். டிசம்பர் முடியுறதுக்குள்ள உட்கார்ந்து ஜனவரி, பிப்ரவரி, மார்ச்சுக்கு ஒவ்வொரு வாரமும் யார் ரெண்டு பேர் போறாங்கன்னு பேர் எழுதிடுங்க. 1833ல பாரிஸ்ல ஓசனாம்ங்கிற காலேஜ் மாணவரும் அவரோட நண்பர்களும் சேர்ந்து வின்சென்ட் பேர்லயே ஒரு சங்கம் ஆரம்பிச்சாங்க, ஏழைகளை அவங்க வீட்டுலயே போய் பார்க்குறதுதான் அவங்க வேலை. இன்னைக்கும் உலகம் முழுக்க அந்த சங்கத்து ஆட்கள் நேர்ல போய்த்தான் பார்க்குறாங்க. கூட்டமா ஒரு நாள் போறதைவிட ரெண்டு பேர் பன்னிரண்டு வாரம் போறது சின்ன குழுவாலயும் முடியும்.

போறப்ப ஒவ்வொருத்தர் விஷயத்துலயும் ஒரே ஒரு காரியத்தைப் பிடிங்க. ஒருத்தருக்கு அடையாள அட்டை தொலைஞ்சிருக்கும், அது இல்லாம பென்ஷனும் கிடைக்காது, காப்பகமும் சேர்க்காது, வேலையும் இல்ல, கூடவே போய் ஆபீஸ்ல நின்னு விண்ணப்பம் போடுங்க, நீங்க பக்கத்துல நின்னா பதில் சொல்லுற விதமே மாறும். ஒருத்தருக்கு கண் ஆபரேஷன், ஒருத்தருக்கு பத்து வருஷமா பேசாத தம்பிக்கு ஒரு போன் கால். மனநலம் சரியில்லாதவங்களையும் குடிக்கு அடிமையானவங்களையும் நீங்களே சரி பண்ணப் பார்க்காதீங்க, அதுக்குப் படிச்சவங்க இருக்காங்க, அங்க கூட்டிட்டுப் போய் சேர்க்குறதும் திரும்பப் போய் பார்க்குறதும்தான் நம்ம பங்கு. குடிச்சவர் திடீர்னு குடியை நிறுத்தினா வலிப்பு வரலாம், அதனால "இன்னையில இருந்து விட்டுடுங்க"ன்னு சத்தியம் வாங்காம டாக்டர் கண்காணிப்புல பண்ணச் சொல்லுங்க.

போன வாரம் இருந்தவர் இந்த வாரம் அந்த இடத்துல இல்லன்னா அப்படியே திரும்பிடாதீங்க. பக்கத்துல இருக்குறவங்ககிட்ட அவர் பேரைச் சொல்லி கேளுங்க, காப்பகத்துல கேளுங்க, பக்கத்து அரசு ஆஸ்பத்திரியில கேளுங்க. கிடைக்கலன்னா அவர் கேட்ட பொருளை பேர் எழுதி தனியா எடுத்து வைங்க, அடுத்த வாரம் மறுபடி கொண்டு போங்க, அதுக்கு அடுத்த வாரமும்.